புதன்கிழமையே கிளம்பியவர்

ஒரு மனிதரின் புத்தி சரியாக இருக்கிறது என்பதற்கு விலை என்ன? புனேயிலிருந்து சென்னைக்கு ஒரு வழி டிக்கெட், ஐயாயிரத்து நூற்றுச் சொச்சம். ஜன்னலோரம் வேண்டுமென்றால் மேலே முந்நூறு. பேரம் கிடையாது.

"நாளைக்கு மத்தியானம் அந்த ஃப்ளைட்ல நான் ஏறிட்டா நேக்கு புத்தி சரியா இருக்குன்னு அர்த்தம். தவறவிட்டா இல்லேன்னு அர்த்தம். என் பிள்ளை அப்படித்தான் கணக்குப் போட்டு வெச்சிருக்கான்" என்றார் வெங்கடேஸ்வரன்.

எழுபத்தொரு வயது. போசரியில் பல்சக்கரம் வெட்டும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஸ்தா பேட்டில் இட்லி மாவு விற்கிற கடைக்கு மேலே இருந்த 'பவுன் துப்பறியும் நிலைய'த்தின் இரண்டு நாற்காலிகளையும் ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆடாததில் உட்கார்ந்திருந்தார். புத்தி கெட்டவர் செய்கிற காரியமாக அது பவுனுக்குத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். மனைவி போய் ஆறு வருஷமாக அவர் கோந்த்வாவில் தனியாக இருக்கிறார். ஒரே மகன் தேஜஸ் சென்னையில் ஐ.டி. வேலை. புனேயில் பிறந்த பிள்ளை சென்னைக்குப் போய்விட்டான், கும்பகோணத்தில் பிறந்த அப்பா புனேயை விட்டு நகர மாட்டேன் என்கிறார். இந்த இரண்டு மாதத்தில் மகன் இரண்டு முறை டிக்கெட் எடுத்து அனுப்பினான். இரண்டு முறையும் விமானம் போயிற்று, அப்பா போகவில்லை. விமான நிலைய வாசலில் ஆதார் கார்டைக் கேட்டார்கள், பையில் கார்டு இல்லை. வீட்டுக்குத் திரும்பி மறுநாள் பார்த்தால் அதே பையில், அதே உறையில், சமத்தாக உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு மகன் சட்டம் பேசிவிட்டான். நாளை ஏறி வந்தால் வெள்ளிக்கிழமை ஒரு டாக்டர் பார்ப்பார், எல்லாம் சரியென்றால் அப்பா திரும்பிப் போகலாம். நாளையும் தவறவிட்டால் டாக்டரே வேண்டாம். சனிக்கிழமை தேஜஸ் நேரில் வருவான். ஃப்ளாட்டை விற்றுக்கொடுக்கும் ஏஜென்டும் அன்றைக்கே வருவான். சென்னைக்கு வெளியே முதியோர் இல்லம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். மூன்று வேளைச் சாப்பாடு, பஜனை ஹால், வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.

"நேக்கு மறதி இல்லை. அதை மூணாம் மனுஷா யாராவது சொல்லணும். நானே சொன்னா அதுதான் வியாதியோட முதல் லட்சணம்கறான்."

சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து மிசல் பாவ் தின்றுகொண்டிருந்த கிட்டு, கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். பவுனின் உதவியாளன். நாற்பதை நெருங்குகிறவன். இதற்கு முன்பு வீட்டு புரோக்கர். எதைப் பார்த்தாலும் சதுர அடி என்ன போகும் என்று யோசிக்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. புனேயில் பிறந்த தமிழன் ஆதலால் அவன் தமிழில் பாதி வழியில் மராத்தி ஏறி இறங்கும்.

"கோந்த்வால எந்தப் பக்கம், காகா? ரெண்டு பெட்ரூமா?" என்று ஆரம்பித்தவனைப் பவுன் ஒரு பார்வையில் நிறுத்தினாள்.

பவுனுக்கு ஐம்பது வயது. விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரியின் மகள். பதினான்கு வருஷம் லோஹ்காவ் விமான நிலையத்தில் ஒரு கம்பெனியின் செக்-இன் கவுன்டரில் நின்றவள். கம்பெனி மூடிக்கொண்ட பிறகு, கவுன்டரில் முகம் பார்த்துப் பழகிய கண்ணை வைத்துக் கல்யாணத்துக்குப் பையன் விசாரிப்பது, பெண் விசாரிப்பது என்று பிழைப்பை ஓட்டுகிறாள். விமானத்தைத் தவறவிடுகிறவர்களில் அவள் பார்க்காத ரகம் இல்லை. நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்துக்கு ஒரு நாள் தள்ளி வந்து நிற்பவர்கள். உள்ளே வந்துவிட்டோம், இனி நம்மை விட்டுப் போகாது என்று கேட்டைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பவர்கள். போக விரும்பாமல், விமானத்தின் மேல் பழியைப் போட வருகிறவர்கள். இந்தக் கடைசி ரகம்தான் எப்போதும் நேரத்தோடு வரும்.

"ரெண்டு தடவையும் எப்ப வீட்டை விட்டுக் கிளம்புனீங்க ஐயா?"

"ரெண்டும் வியாழக்கிழமை மத்தியான ஃப்ளைட். நான் புதன்கிழமையே கிளம்பிட்டேன்."

கிட்டு பவுனைப் பார்த்தான். பவுன் மேஜையைப் பார்த்தாள். லோஹ்காவ் இருப்பது கோந்த்வாவிலிருந்து ஒரு மணி நேரத்தில். அதற்கு முதல் நாளே கிளம்புகிறவர் நடந்து போயிருக்க வேண்டும்.

அவள் அதைக் கிளறவில்லை. வேறு என்ன இருந்தது, என்ன காணோம் என்று கேட்டாள். டிக்கெட் இருந்தது, ரத்தக் கொதிப்பு மாத்திரை இருந்தது, பணம் இருந்தது, மாற்றுக் கண்ணாடி இருந்தது. கார்டு மட்டும் இல்லை. வாசலில் திருப்பி அனுப்பியதும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தாராம். சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து உறை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். முழுக் கூலி, முன்பணமாக.

"கண்டுபிடிக்காட்டா?" என்றாள் பவுன்.

"கண்டுபிடிச்சுடுவேள்" என்று எழுந்து போனார். மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் நிதானமாக இறங்கியது. ஒரு படியில்கூடத் தடுமாறவில்லை.

*

தேஜஸைப் போனில் பிடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. கெட்டவனாகத் தெரியவில்லை, களைத்தவனாகத் தெரிந்தான். தமிழ் அவன் வாயில் வாடகைக்கு இருப்பது போல வந்தது. அப்பாவைப் பூட்டி வைக்க ஆசை இல்லை, அவர் எங்கேயாவது வழி தெரியாமல் நின்றுவிடுவாரோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்றான். போன வருஷம் ஒரு சனிக்கிழமை தனியாகத்தான் வந்தார், இரண்டு மாதம் இருந்தார், ஒரு சிக்கலும் இல்லையாம். இந்த வருஷம்தான் இப்படி. அதுவும் எப்போது கிளம்பினாய் என்று கேட்டால் புதன்கிழமை, புதன்கிழமை என்று மூன்று முறை சொன்னாராம்.

"ஆன்ட்டி, வியாழக்கிழமை ஃப்ளைட்டுக்கு புதன்கிழமை கிளம்பினேன்னு ஒருத்தர் சொன்னா நான் என்ன நினைக்கறது?"

ஏன் எப்போதும் வியாழக்கிழமை என்று மட்டும் பவுன் கேட்டாள். வெள்ளி லீவு போட வசதி, டிக்கெட்டும் மலிவு என்றான்.

ஸ்கூட்டரில் விமான நிலையம் போகிற வழியெல்லாம் கிட்டு தன் கட்சியை வாதாடிக்கொண்டே வந்தான். டாக்ஸிக்காரன்தான் எடுத்திருப்பான் என்பது எரவாடா வரையில் அவன் கட்சி. இரண்டு முறையும் வெவ்வேறு டாக்ஸி, எடுத்தவன் பணத்தை விட்டுவிட்டுக் கார்டை மட்டும் எடுத்து மறுநாள் வீடு தேடி வந்து உறைக்குள் வைத்தானா என்று பவுன் கேட்டதும், விமான் நகர் சிக்னலில் கட்சி மாறினான். பெரியவருக்கே மறதிதான், நாம் உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது மரியாதை.

"மரியாதையா? நீயா பேசுறே?"

"பாதியைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு சொல்ல வந்தேன், அக்கா."

முனையத்துக்கு வெளியே டிக்கெட் ஜன்னலில் ப்ரீத்தி இருந்தாள். பவுனோடு ஒரே கவுன்டரில் நின்றவள். இப்போது வேறு கம்பெனி, வேறு நிறச் சேலை. சிரிப்பு மட்டும் பழையது. பெரியவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றாள். இரண்டு தடவையும் கவுன்டர் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டவர் அவர் ஒருவர்தான். வாசலில் திருப்பியதும் நேராக இவளிடம் வந்திருக்கிறார். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் கவுன்டர் மூடிவிடும், அதற்குள் மகனிடம் சொல்லி ஆதாரைப் போனுக்கு வரவழையுங்கள், அதிகாரியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று இவள் வழி சொல்லியிருக்கிறாள். அவருடையது பட்டன் போன். இவள் போனிலிருந்தே மகனுக்கு அடித்தார்கள். அவன் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. ஏறாத டிக்கெட்டில் வரிப்பணம் மட்டும் திரும்பக் கிடைக்கும், எழுதிக் கொடுங்கள் என்றதற்கு, அது பிள்ளை எடுத்த டிக்கெட், நான் கேட்பது சரியில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"இதை அவர் நம்மகிட்ட சொல்லலியே" என்றான் கிட்டு.

"சொல்லல. மகன் மேல தப்பு வரும்ல" என்றாள் பவுன். அந்தக் குணத்தை அவள் மனசுக்குள் ஒரு ஓரமாக எடுத்து வைத்தாள். வியாபாரியின் மகளுக்குத் தெரியும், ஒரு சரக்கில் பழுதை மறைக்கிறவன் மற்றதிலும் மறைத்திருப்பான். அது கெட்ட எண்ணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ப்ரீத்தி இன்னொன்று சொன்னாள். "ரெண்டாவது வாட்டி நான் கேட்டேன் பவுன், வீட்டை விட்டு வர்றதுக்கு முன்னாடி பையை ஒரு தரம் திறந்து பாக்கக் கூடாதா அங்கிள்னு. கிளம்பின பையைத் திறக்கக் கூடாதும்மான்னுட்டார்."

ப்ரீத்தியின் ஜன்னலுக்கு ஆள் வந்துவிட்டது. வேர்த்து விறுவிறுத்து, பெங்களூர் விமானம் போய்விட்டதா என்று கேட்டபடி. போய்விட்டது. பவுன் அந்த முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தாள். அந்த மாதிரி முகங்களிடம் பதினான்கு வருஷம் 'போய்விட்டது' என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

*

கோந்த்வாவில் நான்காவது மாடி. வெங்கடேஸ்வரன் கதவைத் திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. துடைத்து வைத்த வீடு. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலியில் மட்டும் தேய்மானம். சமையலறை மேடையில் காஸ் அடுப்பின் மேல் பேப்பர் விரித்து, அதன் மேல் டார்ச் லைட்டும் பல்புகளும். தினமும் இரண்டு வேளையும் பாட்டீல் வீட்டு அம்மாள் டப்பா அனுப்புகிறாள் என்றார். சப்பாத்தி, பாஜி, வரண் என்கிற பருப்பு. அடுப்பு பற்றவைத்து வருஷக்கணக்காகிறது.

பவுன் அந்த அடுப்பை வேண்டிய மட்டும் பார்த்தாள்.

"நாளைக்குக் கொண்டு போற பையைக் காட்டுங்க ஐயா. கார்டு இருக்கான்னு நானே பாத்துடுறேன்."

"பை இல்லையே. அது மத்தியானமே கிளம்பிடுத்து."

"தனியாவா?" என்றான் கிட்டு.

பவுன் சிரிக்கவில்லை. அவள் கண் சுவரில் நின்றது. கும்பகோணத்துக் கடை ஒன்றின் தினசரிக் காலண்டர். கிழிக்காத நாளைய தாளை விரலால் நீக்கிப் பார்த்தாள். வியாழன். நல்ல நேரம், ராகு காலம், கடைசி வரியில் சூலம்: தெற்கு. அன்றைக்கு அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது.

விருதுநகரில் அவளுடைய அப்பா குண்டூருக்குக் கொள்முதலுக்குப் போவார். போகிற நாள் சரியில்லை என்றால் முதல் நாளே நல்ல நேரம் பார்த்துப் பையைக் கொண்டுபோய் எதிர் எண்ணெய்க் கடையில் வைத்துவிடுவார். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிவிட்ட மாதிரி. மறுநாள் கையை வீசிக்கொண்டு இறங்கி, போகிற போக்கில் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். இடையில் அந்தப் பை வீட்டுக்குள் வரக்கூடாது, யாரும் திறக்கவும் கூடாது. பயணத்தில் இருக்கிற பை அது.

"பரஸ்தானம்" என்றார் வெங்கடேஸ்வரன், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போல. "வியாழக்கிழமை தெற்கே சூலம். பிள்ளைகிட்ட சொன்னா சிரிப்பான். அதான் புதன்கிழமை மத்தியானம் கார்டெல்லாம் சரியா இருக்கான்னு பாத்து, கட்டி வெச்சுடுவேன். போன வருஷம் போனது சனிக்கிழமை. சனிக்கிழமை சூலம் கிழக்கேன்னா, அதனால வெக்கலை. ஒரு வில்லங்கமும் இல்லாம போய்ச் சேர்ந்தேன்."

"பாத்தேளா, சூலம்தான் குற்றவாளி" என்றான் கிட்டு, அவர் பேச்சிலேயே.

"சூலம் குத்தும் கிட்டு. பாக்கெட் அடிக்காது."

புதன்கிழமை மத்தியானம் பைக்குள் இருந்த கார்டு வியாழக்கிழமை இல்லை. நடுவில் ஒரு ராத்திரி பை தங்கிய இடம் ஒன்றுதான். பாட்டீல் வீட்டு டப்பாவில் தயிர்சாதம் வராது. இவருடைய அடுப்பு எரியாது. ஆக, பையிலிருந்து ஒன்றை எடுத்த கை, பதிலுக்கு ஒன்றை வைத்திருக்கிறது.

"யார் வீட்டில வைப்பீங்க?"

"எதிர் ஃப்ளாட்தான். விசாலாக்ஷி மாமி. ரொம்ப நல்ல மனுஷி" என்றார்.

கேட்காமலே புகழ்ந்தார். கடையில் அப்படிப் புகழ்கிற சரக்கைப் பவுனின் அப்பா ஒரு தரத்துக்கு இரண்டு தரம் புரட்டிப் பார்ப்பார். பவுன் எதிர்க் கதவுக்குப் போனாள். கிட்டுவை இந்தப் பக்கமே விட்டுவிட்டாள். அவனும் பெரியவரும் ஃப்ளாட்டின் விலை பற்றிப் பேச ஆரம்பித்த சத்தம் கேட்டது.

*

அறுபத்தெட்டு வயது இருக்கும் விசாலாக்ஷிக்கு. ஒரு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. பெண் மெல்போர்னில். கூடத்தில் தமிழ்த் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்காத நாடகம், குரலுக்காக மட்டும். வாசலை ஒட்டிய நாற்காலியில் நீலப் பை விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. மாமி அதற்கு ஒரு துண்டுகூடப் போர்த்தியிருந்தாள்.

பவுன் தான் யார் என்று சொன்னாள். மாமி காப்பி கலக்கப் போனாள்.

"எடுத்தவங்க பணத்தைத் தொடல. மாத்திரையை எடுக்கல, வேளைக்குப் போட்டுக்கணுமேன்னு. வாசல்ல திருப்பி அனுப்புனா பசிக்குமேன்னு தயிர்சாதம் வேற கட்டி வெச்சிருக்காங்க. இப்படித் திருடுற ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்லம்மா" என்றாள் பவுன், சமையலறை வாசலில் நின்றபடி.

மாமி அடுப்பை அணைத்தாள். பூஜை அலமாரிக்குப் போய்க் குங்குமச் சிமிழை நகர்த்தி, அடியிலிருந்து கார்டை எடுத்துவந்து பவுனின் கையில் வைத்தாள். இன்று மத்தியானமே எடுத்துவிட்டிருக்கிறாள். இரண்டு முறையும் அவர் திரும்பி வந்த மறுநாள், ரசம் கொடுக்கப் போகிற சாக்கில் உறைக்குள் திருப்பி வைத்ததும் அவள்தான்.

உட்காரச் சொன்னபோதுதான் பேச்சு வந்தது, அதுவும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே. போன வருஷம் அவர் சென்னைக்குப் போன இரண்டு மாதமும் இந்த மாடியில் தமிழ் இல்லை. காய்காரனோடு மராத்தி, வாட்ச்மேனோடு ஹிந்தி, பெண்ணோடு ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ், பேரன் பக்கத்தில் இருப்பான் என்பதால். பல் வலித்தபோது யாரிடமும் வலிக்கிறது என்று சொல்லத் தோன்றவில்லையாம். ஹிந்தியில் தர்த் என்றும் மராத்தியில் துக்தய் என்றும் சொன்னாளாம். அவை எல்லாம் டாக்டருக்கான வார்த்தைகள்.

"தினம் சாயங்காலம் அவர் கதவைத் தட்டி, மாமி இன்னிக்கு என்னன்னு கேப்பார். ஒண்ணுமில்லைன்னு சொல்லுவேன். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒண்ணுமில்லையைச் சொல்றதுக்கு நேக்கு வேற ஆள் இல்லை. ரெண்டு வாரம் தள்ளிப்போகட்டும்னுதான் எடுத்தேன். டிக்கெட் போனா இன்னொண்ணு எடுப்பான்னு நெனச்சேன்."

தன் வீட்டுச் சாவியை தினமும் கைப்பையில் போட்டுக்கொள்ளும்போது பவுனுக்கும் இது தெரியும். ஆனால் வந்த வேலை பாக்கி இருந்தது. மறைக்காமல் சொன்னாள். இரண்டு விமானம் தவறியதை வைத்து மகன் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக முடிவு கட்டியிருக்கிறான். மூன்றாவதும் தவறினால் சனிக்கிழமை வீடு விலைக்கு, இவர் இல்லத்துக்கு. ஒரேயடியாக.

விசாலாக்ஷி நீலப் பையின் மேலிருந்த துண்டை எடுத்து மடித்தாள்.

"அப்போ அவரைப் போகாம பண்றேன்னு நானேதான் அனுப்பிண்டிருக்கேன்" என்றாள்.

அவரிடம் சொல்லிவிடுவீர்களா என்று அவள் கேட்கவில்லை. பவுனும் அதைப் பற்றிப் பேசவில்லை. கார்டை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். நாளைக்கு நீங்களும் டாக்ஸியில் வாருங்கள், உறைக்குள் வைக்க வேண்டாம், அவர் கையில் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள். காப்பி ஆறிப்போயிருந்தது. அதை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

*

வியாழக்கிழமை டாக்ஸியில் நான்கு பேர். முன்னால் கிட்டு. பின்னால் மாமி ஒரு ஜன்னல், வெங்கடேஸ்வரன் மாமா ஒரு ஜன்னல், நடுவில் பவுன், சம்பந்தம் பேசப் போகிற தரகர் மாதிரி. யாரும் பேசாததைப் பொறுக்காமல் கிட்டு வழியில் தென்பட்ட ஒவ்வொரு கட்டிடத்துக்கும் விலை சொல்லிக்கொண்டு வந்தான். ராம்வாடி வளைவில் நெரிசல். அரை மணி கூடுதலாக வைத்துக் கிளம்பியிருந்ததால் பவுன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முனைய வாசலில் வரிசை. சீருடைக்காரருக்குக் கொஞ்சம் முன்னால் மாமி நின்றாள். கைக்குட்டையைப் பிரித்துக் கார்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். பவுன் நாலு எட்டு தள்ளிப் போய்விட்டாள். மாமி தலையைக் குனிந்தபடி என்னவோ சொல்வது தெரிந்தது. அவர் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே நின்றார். எப்போது திரும்புவேள் என்று மாமி கேட்டிருக்க வேண்டும். அவர் டாக்டர் பார்க்கட்டும் என்றார். தேதி எதுவும் சொல்லவில்லை. மாமி கிட்டுவின் பக்கமாக நடந்துபோய் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

வெங்கடேஸ்வரன் பவுனிடம் வந்தார்.

"ரெண்டாவது தடவையே நேக்குத் தெரியும்" என்றார், குரலைத் தாழ்த்தி.

பவுன் அவரையே பார்த்தாள். முன்பணமாக வந்த முழுக் கூலி, கண்டுபிடித்துவிடுவேள் என்று சொன்ன நிச்சயம், கேட்காமல் கொடுத்த நற்சான்று. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தன.

"தெரிஞ்சா என்கிட்ட எதுக்கு வந்தீங்க? நீங்களே அவங்ககிட்ட கேட்டிருக்கலாம்ல."

"நான் கேட்டா அது புகார். நீங்க கேட்டா விசாரணை. புகார் பண்ணினப்புறம் எதிர் எதிர் கதவுல எப்படி இருக்கறது?"

"தெரிஞ்சுமா மூணாவது தடவையும் அங்கயே பையை வெச்சீங்க?"

"வெக்காம இருந்தா, நேக்குத் தெரிஞ்சுடுத்துன்னு அவாளுக்குத் தெரிஞ்சுடுமே" என்றார். "நீங்க மட்டும் கண்டுபிடிக்காம இருந்திருந்தா, இந்த வியாழக்கிழமையும் வாசல்ல நின்னுட்டுத் திரும்பியிருப்பேன்."

"சனிக்கிழமை மகன் வந்து வீட்டை வித்திருப்பாரு."

"வித்திருப்பான்" என்றார். வாசலுக்குப் போனார். கார்டைக் காட்டினார். சீருடைக்காரர் முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமியை வீட்டில் விடக் கிட்டு அதே டாக்ஸியில் போனான். போகும்போது, உங்கள் ஃப்ளாட் கிழக்குப் பார்த்ததா மாமி, நல்ல விலை போகும், ஆனால் விற்காதீர்கள் என்று அவன் சொல்வது கேட்டது. மாமி என்ன பதில் சொன்னாள் என்று தெரியவில்லை. ஆனால் தமிழில் ஏதோ சொன்னாள்.

பவுன் தேஜஸுக்குப் போன் செய்தாள். அப்பா உள்ளே போய்விட்டார், புத்தியில் பழுது இல்லை, புதன்கிழமை கிளம்பியதும் உண்மை. பரஸ்தானத்தை அவனுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னாள். பை தங்கிய வீட்டில் கார்டு தவறுதலாக வெளியே நின்றுவிட்டது என்றாள். யார் வீடு என்று சொல்லவில்லை. இனிமேல் காலண்டரைக் கேட்டு டிக்கெட் எடுங்கள், கார்டு எப்போதும் உடம்போடு இருக்கட்டும் என்றாள்.

தேஜஸ் வேறொன்று கேட்டான்.

"அப்பா ஃப்ளைட்டை விட்ட ரெண்டு தடவையும் ஏதோ தெரியாத நம்பர்லேர்ந்து கால் வந்தது. மீட்டிங்ல இருந்தேன். அது அப்பாவா?"

"ஆமா."

"அப்பா சொன்னாரா, நான் எடுக்கலைன்னு?"

"இல்ல தம்பி. சொல்லல."

பேசி முடித்தபின் பவுன் அங்கேயே ஒரு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கட்டிடத்துக்குப் பின்னால் விமானப்படைத் தளத்தின் போர் விமானம் ஒன்று இரைந்து எழும்பியது, அது ஓயக் காத்திருந்து சென்னை விமானம் ஓடுபாதைக்கு நகர்ந்திருக்கும். அவளுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. எந்த வழக்கு முடிந்தாலும் மனசுக்குள் பற்று வரவு எழுதிப் பார்ப்பது அப்பாவிடமிருந்து வந்த வழக்கம். எழுதினாள்.

மகன் அப்பாவுக்குத் தர வேண்டியது ஒரு மன்னிப்பு. வசூலாகலாம், இழுக்கும். அப்பா மகனுக்குத் தர வேண்டியது வெள்ளிக்கிழமை டாக்டர் எதிரில் ஒழுங்கான பதில்கள். அது கைமேல் பணம். மாமி மாமாவுக்குத் தர வேண்டியது இரண்டு விமானம். அவர் தள்ளுபடி செய்துவிட்டார். மாமா மாமிக்குத் தர வேண்டியது திரும்பி வரும் தேதி ஒன்று. முழுசாக நிலுவை, வட்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. துப்பறியும் நிலையத்துக்குக் கூலி முன்னாலேயே வந்துவிட்டது, வேலையும் கொடுத்தாகிவிட்டது.

கடைசியில் தன் பெயருக்கு ஒரு வரி எழுதிக்கொண்டாள். பவுன் யாருக்கும் தர வேண்டியது இல்லை. யாரிடமிருந்தும் வர வேண்டியது இல்லை. எல்லார் கணக்கிலும் ஏதோ ஒரு பாக்கி நின்றது. அவளுடையது மட்டும் காலணா பிசகாமல் நேராக இருந்தது.